ஆபத்து வகுத்த ஆயுள்

ஐம்பதைத் தாண்டிய நண்பர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு அரசியலில் தொடங்கலாம், சினிமாவில் தொடங்கலாம். கடைசியில் சர்க்கரை அளவு, மூட்டு வலி, யார் யாருக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது என்பதில்தான் வந்து நிற்கும். முதுமையையே ஆராய்ச்சித் துறையாகக் கொண்ட இரண்டு நண்பர்களுக்குள் 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த பேச்சோ ஒரு பந்தயத்தில் போய் முடிந்தது. அதில் யார் ஜெயித்தார் என்பது 2150இல்தான் தெரியும்.

ஒருவர் ஸ்டீவன் ஆஸ்டட். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்து, சினிமாவுக்குச் சிங்கம் பழக்கும் வேலை பார்த்து, பிறகு உயிரியலுக்கு வந்தவர். இன்னொருவர் ஜே ஓல்ஷான்ஸ்கி. மனிதர்கள் எந்தெந்த வயதில் இறக்கிறார்கள் என்று கணக்குப் பார்ப்பவர். 150 வயது வரை வாழப்போகிற முதல் மனிதர் ஏற்கெனவே பிறந்துவிட்டார் என்று ஆஸ்டட் சொன்ன ஒரு கருத்து 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் வெளியானது. அதைப் படித்த ஓல்ஷான்ஸ்கி, வாய்ப்பே இல்லை என்றார். ஆளுக்கு 150 டாலர் போட்டு முதலீடு செய்தார்கள். 2150க்குள் யாராவது 150 வயதைத் தொட்டு, புத்தித் தெளிவோடும் இருந்தால் பணம் ஆஸ்டட்டின் வாரிசுகளுக்கு. இல்லையென்றால் ஓல்ஷான்ஸ்கியின் வாரிசுகளுக்கு. ஒன்றரை நூற்றாண்டுக் காலம் லாபத்தின் மேல் லாபம் சேர்ந்தால் அந்த 300 டாலர் சுமார் 50 கோடி டாலராக வளர்ந்திருக்கும் என்பது அவர்களுடைய மதிப்பீடு. 2016இல் இருவரும் பந்தயத் தொகையை இரட்டிப்பாக்கினார்கள். இருவருமே தம் கட்சியை விடவில்லை.

இரண்டு பேரும் அரைகுறையாகப் பேசுகிறவர்கள் இல்லை. ஒருவர் கையில் கணக்கு இருக்கிறது. மற்றவர் கையில் விலங்குகள் இருக்கின்றன. முதலில் கணக்கைப் பார்ப்போம்.

எட்டு ஆண்டுக்கு இரு மடங்கு

பெஞ்சமின் கோம்பர்ட்ஸ் லண்டனில் வாழ்ந்த கணித அறிஞர். யூதர் என்பதால் பல்கலைக்கழகக் கதவு அவருக்குத் திறக்கவில்லை. தானாகவே கணிதம் கற்றார். ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் யாருக்கு எவ்வளவு பிரீமியம் என்று கணக்கிடுவது அவர் வேலை. இறப்பு அட்டவணைகளைப் புரட்டியவர் ஒரு ஒழுங்கைக் கண்டார். 1825இல் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் அதை வெளியிட்டார். வளர்ந்த மனிதருக்கு ஓர் ஆண்டில் மரணம் நேரும் வாய்ப்பு வயதோடு சும்மா கூடிக்கொண்டு போவதில்லை; குறிப்பிட்ட இடைவெளியில் இரட்டிப்பாகிக்கொண்டே போகிறது. இன்றைய கணக்கில் அந்த இடைவெளி ஏறக்குறைய 8 ஆண்டுகள்.

வசதியான ஒரு நாட்டில் 30 வயதுக்காரர் ஆயிரம் பேரில் ஒருவர் அந்த ஆண்டுக்குள் இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 38 வயதில் அது இரண்டு பேர். 46இல் நாலு, 54இல் எட்டு, 62இல் பதினாறு, 70இல் முப்பத்திரண்டு, 78இல் அறுபத்து நாலு, 86இல் நூற்று இருபத்தெட்டு. முப்பதிலும் முப்பத்தெட்டிலும் இரட்டிப்பு யார் கண்ணுக்கும் படுவதில்லை. ஒன்று இரண்டானால் யாருக்குத் தெரியும்? எழுபதுக்குப் பிறகும் அதே இரட்டிப்புதான், அதே வேகம்தான். ஆனால் அப்போது ஒவ்வொரு தடவையும் கூடுவது பெரிய எண். முதுமை ஒரேயடியாக வந்து விழுந்ததுபோல் தோன்றுவதற்கு இதுதான் காரணம்.

இதன் அர்த்தத்தை உணர ஆபத்தை அளக்கும் ஓர் அலகு உதவும். பத்து லட்சத்தில் ஒன்று என்ற மரண வாய்ப்பை 'மைக்ரோமார்ட்' என்று அழைக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ரொனால்டு ஹோவர்டு வைத்த பெயர். விமானத்திலிருந்து பாராசூட் கட்டிக்கொண்டு ஒரு தடவை குதிப்பதில் இருக்கும் ஆபத்து சுமார் 10 மைக்ரோமார்ட். மேலே சொன்ன கணக்கில் 30 வயதுக்காரர் ஒரு நாளைக் கழிப்பதன் ஆபத்து 3க்கும் குறைவு. 78 வயதுக்காரருக்கு ஒரு நாளின் ஆபத்து ஏறக்குறைய 175. நோயாளிகளையும் திடமானவர்களையும் சேர்த்து எடுத்த சராசரிதான் இது. ஆனாலும், சாய்வு நாற்காலியில் புத்தகமும் கையுமாக நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் சராசரி 78 வயதுத் தாத்தா, பதினேழு தடவை பாராசூட்டில் குதித்தவனுக்குச் சமமான ஆபத்தைத் தாண்டித்தான் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வருகிறார். துணிச்சல் யாருக்கு என்று பேரனோடு அவர் தாராளமாக வாதாடலாம்.

கோம்பர்ட்ஸின் விதி வாழ்க்கைக்கும் ஒரு கணக்குத் தருகிறது. ஒரு பழக்கம் ஆபத்தை இரு மடங்காக்கினால், உடம்புக்கு 8 வயது கூடிவிட்டது என்று பொருள். பிரிட்டிஷ் டாக்டர்களின் புகைப்பழக்கத்தை ரிச்சர்டு டாலும் அவர் குழுவும் 1951 முதல் 2001 வரை, ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். இளம் வயதில் தொடங்கி விடாமல் புகைத்தவர்கள் சராசரியாக 10 ஆண்டு ஆயுளை இழந்திருந்தார்கள். 60 வயதில் விட்டவர்களுக்கு 3 ஆண்டு திரும்பக் கிடைத்தது. 50இல் விட்டவர்களுக்கு 6. 40இல் விட்டவர்களுக்கு 9. 30இல் விட்டவர்களுக்குப் பத்தும் கிட்டத்தட்ட முழுசாகவே கிடைத்தது.

ஓல்ஷான்ஸ்கியின் பலம் இந்தக் கணக்கின் மறுபக்கத்தில் இருக்கிறது. ஆபத்தைச் சரிபாதியாகக் குறைத்தாலும் கிடைப்பது 8 ஆண்டுதான்; அதற்குள் அடுத்த இரட்டிப்பு வந்துவிடும். புற்றுநோய் என்ற ஒன்றே உலகத்தில் இல்லாமல் போனாலும் சராசரி ஆயுள் 3 ஆண்டு போலத்தான் கூடும். அதில் தப்பியவருக்காக இதய நோயோ பக்கவாதமோ காத்துக்கொண்டிருக்கும்.

நூற்றுப்பத்துக்கு மேல்

இதுவரை ஐயமற்ற ஆவணங்களோடு அதிக காலம் வாழ்ந்தவராக ஏற்கப்பட்டிருப்பவர் பிரான்சின் ஆர்ல் நகரத்து ழான் கால்மான். பிறந்தது 1875, மறைந்தது 1997. வயது 122 ஆண்டு 164 நாள். அவர் வாழ்க்கையிலும் ஒரு பந்தயம் உண்டு. 1965இல், அவருக்கு 90 வயதானபோது, 47 வயதான ரஃப்ரே என்ற சட்ட அலுவலர் அவரோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். கால்மான் உயிரோடிருக்கும் வரை மாதம் 2,500 ஃபிராங்க் தருவது. அவர் காலத்துக்குப் பிறகு அவருடைய அடுக்குமாடி வீட்டை எடுத்துக்கொள்வது. பிரான்சில் இது வழக்கமான ஏற்பாடுதான். எந்த ஆயுள் அட்டவணையைப் பார்த்தாலும் ரஃப்ரே செய்தது நல்ல வியாபாரம். முப்பது ஆண்டு பணம் கட்டி, வீட்டு மதிப்பைப்போல் இரு மடங்கு கொடுத்து, 1995இல் தன் 77ஆம் வயதில் அவர் இறந்துபோனார். அதன்பிறகும் அவர் குடும்பம் கட்டிக்கொண்டிருந்தது.

அப்படியானால் கால்மான் கணக்கைப் பொய்யாக்கிவிட்டாரா? இல்லை. முதுமையின் கடைசிக் கோடியில் கணக்கே கொஞ்சம் மாறுகிறது. இத்தாலியில் 105 வயதைத் தாண்டிய சுமார் 3,800 பேரின் ஆவணங்களை ஆராய்ந்து 2018இல் ஓர் ஆய்வு வெளியானது. அந்த வயதுக்கு மேல் மரண வாய்ப்பு மேற்கொண்டு ஏறாமல், ஆண்டுக்குக் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி என்ற அளவில் நின்றுவிடுகிறது என்றது அது. முடிவைப் பற்றி இன்னும் சர்ச்சை உண்டு. உண்மை என்றே வைத்துக்கொண்டு காசைச் சுண்டிப் பார்ப்போம். 110 வயதில் இருப்பவர் ஒவ்வொரு பிறந்த நாளிலும் ஒரு தடவை சுண்டுகிறார். தலை விழுந்தால் இன்னும் ஓர் ஆண்டு. 122 வயதை அடையத் தொடர்ந்து 12 தலை விழ வேண்டும். அந்த வாய்ப்பு 4,096இல் ஒன்று. அரிது, ஆனால் என்றோ ஒரு நாள் யாருக்கோ நடக்கக்கூடியது. 150ஐ அடையவோ 40 தலை வரிசையாக விழ வேண்டும். வாய்ப்பு ஒரு லட்சம் கோடியில் ஒன்றுக்கும் குறைவு. இன்றுள்ள உடம்போடு இன்றுள்ள வேகத்தில் முதுமையடைந்தால் பந்தயம் ஓல்ஷான்ஸ்கிக்குத்தான்.

ஆஸ்டட்டும் இதை மறுப்பதில்லை. அவர் கேட்பது வேறு. அந்த வேகம் ஏன் அப்படி இருக்கிறது? அதை மாற்றவே முடியாதா?

உடையும் குழாய்களின் கணக்கு

உடம்பும் ஓர் இயந்திரம், தேயத்தானே செய்யும் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் இந்த இயந்திரம் தன்னைத்தானே பழுது பார்த்துக்கொள்கிறது. வெட்டுக்காயம் ஆறுகிறது, எலும்பு ஒட்டிக்கொள்கிறது, தோல் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. ஒற்றைச் செல்லிலிருந்து முழு மனிதனைக் கட்டத் தெரிந்த உடம்புக்கு, கட்டியதைப் பராமரிக்க மட்டும் ஏன் தெரியவில்லை?

இதற்கு விடை தந்தவர் பீட்டர் மெடாவர். உறுப்பு மாற்று அறுவை சிகிச்சைக்கு வழி திறந்த ஆய்வுக்காக 1960இல் நோபல் பரிசு பெற்றவர். 1951இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பேராசிரியராகப் பொறுப்பேற்ற உரையில், முதுமையைப் புரியவைக்கச் சோதனைக் குழாய்களை எடுத்துக்கொண்டார். ஆய்வுக்கூடத்தில் ஆயிரம் கண்ணாடிக் குழாய்கள். கண்ணாடிக்கு மூப்பு கிடையாது. ஆனாலும் கைதவறி மாதம் நூற்றுக்குப் பத்து உடைகின்றன. உடைந்தவற்றுக்குப் பதில் புதியவை வருகின்றன. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், ஓர் ஆண்டுக்கு மேல் தாக்குப்பிடித்தவை மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. ஐந்தாண்டைத் தாண்டியவை ஆயிரத்தில் இரண்டுதான்.

குழாய்களின் இடத்தில் விலங்குகளை வையுங்கள். முதுமையே இல்லாத விலங்கானாலும் புலி தின்னும், பஞ்சம் கொல்லும், வெள்ளம் அடித்துப்போகும். ஆகவே எந்தக் காலத்திலும் கூட்டத்தில் இளையவர்களே மிகுதி. பிறக்கும் குட்டிகளில் பெரும்பாலானவை இளைய பெற்றோருக்குப் பிறந்தவை. இப்போது இரண்டு மரபணுக் கோளாறுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று குட்டிப் பருவத்தில் கொல்லும். அதைச் சுமக்கும் விலங்கு சந்ததி விடாமலேயே போய்விடும், கோளாறும் அதோடு ஒழியும். மற்றொன்று பத்து வயதில் கொல்லும். ஆனால் பெரும்பாலான விலங்குகள் அதற்குள் வேறு காரணத்தால் செத்திருக்கும், குட்டிகளும் போட்டிருக்கும். இந்தக் கோளாறைக் களைய இயற்கைத் தேர்வுக்குப் பிடிமானமே இல்லை. அது தலைமுறை தலைமுறையாகக் கைமாறும். அப்படிச் சேர்ந்த கோளாறுகளின் மொத்தம்தான் முதுமை.

இந்த எண்ணத்தின் விதை, பின்னாளில் இந்தியாவுக்கே வந்து குடியேறி புவனேஸ்வரில் மறைந்த உயிரியல் அறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1941இல் போட்டது. ஹன்டிங்டன் என்ற கொடிய பரம்பரை நோய் ஏன் மறையாமல் நீடிக்கிறது என்று அவர் யோசித்தார். அது பெரும்பாலும் முப்பது நாற்பது வயதில்தான் தலைகாட்டுகிறது. அதற்குள் பிள்ளைகள் பிறந்துவிடுகின்றன. 1957இல் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற உயிரியல் அறிஞர் இன்னும் ஒரு படி மேலே போனார். இளமையில் நன்மையும் முதுமையில் தீமையும் செய்யும் மரபணுவை இயற்கைத் தேர்வு சகித்துக்கொள்வது மட்டுமல்ல, விரும்பியே தேர்ந்தெடுக்கும் என்றார்.

ஆக, ஆபத்து முன்னே வந்தது. முதுமை பின்னே வந்தது. எந்த உயிரைச் சுற்றி எவ்வளவு ஆபத்து இருந்ததோ, அதற்கேற்ப அதன் உடம்பு எத்தனை நாள் தாங்க வேண்டும் என்பது தீர்மானமானது.

தீவில் உறங்கிய ஒபோசம்

கருத்து அழகாக இருந்தால் போதாது. காட்டில் நிற்க வேண்டும். ஆஸ்டட்டுக்கு அந்த வாய்ப்பு ஒபோசம் வழியாக வந்தது. பூனை அளவுள்ள, வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் அமெரிக்கப் பாலூட்டி அது. வெனிசுவேலாவில் அவற்றைப் பிடித்து அடையாளமிட்டு விடும்போது ஒன்றைக் கவனித்தார். துடிப்பாக இருந்த விலங்கு சில மாதங்களில் மறுபடி அகப்படும்போது கண்புரை வந்து, மெலிந்து, கிழடு தட்டியிருந்தது. இவ்வளவு பெரிய பாலூட்டி இத்தனை வேகமாக மூப்படைவதை அவர் எதிர்பார்க்கவில்லை.

மெடாவர் சொன்னது சரியென்றால், பகை விலங்குகள் இல்லாத இடத்து ஒபோசம் மெதுவாக மூப்படைய வேண்டும். ஜார்ஜியா மாநிலக் கடற்கரைக்கு அப்பால் சபேலோ தீவு இருக்கிறது. நாலைந்தாயிரம் ஆண்டுகளாக நிலப்பரப்பிலிருந்து பிரிந்து கிடக்கிறது. ஒபோசத்தை வேட்டையாடும் பாலூட்டிகள் அங்கே இல்லை. அந்தத் தீவின் ஒபோசங்கள் பட்டப்பகலில் வெட்டவெளியில் படுத்துத் தூங்கின. அவற்றையும் நிலப்பரப்பு ஒபோசங்களையும் ஆஸ்டட் ஒப்பிட்டு 1993இல் முடிவை வெளியிட்டார். தீவு விலங்குகளின் சராசரி ஆயுள் கால் பங்கு கூடுதல்; மிக நீண்ட ஆயுளில் அரைப் பங்கு கூடுதல். வால் தசைநாண் இழைகள் வயதோடு இறுகுவதும் தீவில் மெதுவாகவே நடந்தது. தீவுத் தாய்கள் ஒரு ஈற்றில் குறைவான குட்டிகள் போட்டன. இரண்டாம் ஆண்டும் குட்டி போட்டவை அங்கே கூடுதல். நாலைந்தாயிரம் ஆண்டு பாதுகாப்பு, உடம்பின் கடிகாரத்தையே திருத்தியிருந்தது.

பறக்கத் தெரிந்தவையும் மண்ணுக்குள் ஒளிந்தவையும் இதே கதையைச் சொல்கின்றன. வீட்டு எலி நன்றாகக் கவனித்தாலும் மூன்று நாலு ஆண்டைத் தாண்டுவதில்லை. சுமார் ஏழு கிராம் எடையே உள்ள பிரான்ட் வௌவால் ஒன்று சைபீரியாவில் 41 ஆண்டு வாழ்ந்தது பதிவாகியிருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் சுரங்கம் தோண்டி வாழும் முடியற்ற துன்னெலி 30 ஆண்டுக்கு மேல் இருக்கும். அதன் மரண வாய்ப்பு வயதோடு ஏறுவதே தெரியவில்லை என்று 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. கோம்பர்ட்ஸின் விதிக்கே கட்டுப்படாத பாலூட்டி!

எல்லாம் இவ்வளவு நேராகப் போய்விட்டால் அது அறிவியல் ஆகாது. டிரினிடாட் ஓடைகளில் கப்பி மீன்களை ஆராய்ந்த டேவிட் ரெஸ்னிக், 2004இல் நேர்மாறான முடிவை வெளியிட்டார். பகை மீன்கள் நிறைந்த ஓடைகளிலிருந்து வந்த கப்பிகள் ஆய்வுக்கூடத்தில் அதிக காலம் வாழ்ந்தன. காரணம் இப்படி இருக்கலாம். ஆபத்து கண்ணை மூடிக்கொண்டு அடிக்கும்போது மெடாவரின் கணக்கு பொருந்தும். மெதுவாக நீந்துகிறவனை மட்டும் பார்த்துப் பிடிக்கும் எதிரியோ, திடமான உடம்பைத் தேர்ந்தெடுத்து வளர்க்கிறது. ஆபத்து எவ்வளவு என்பதோடு எப்படிப்பட்டது என்பதும் ஆயுளை வகுக்கிறது.

கடிகாரத்தைத் திருத்த மனிதன் அத்தனை ஆயிரம் ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை என்பது ஆஸ்டட்டின் நம்பிக்கை. ஈஸ்டர் தீவின் மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து கிடைத்த ராபமைசின் மருந்தை, 600 நாள் வயதான, அதாவது மனிதக் கணக்கில் சுமார் அறுபதைத் தொட்ட, எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2009இல் வெளியான முடிவின்படி பெண் எலிகளின் ஆயுள் 14 சதவீதமும் ஆண் எலிகளுடையது 9 சதவீதமும் கூடியது. ஓல்ஷான்ஸ்கி அசரவில்லை. அதிக ஆயுள் கொண்ட நாடுகளின் 1990 முதல் 2019 வரையிலான இறப்புக் கணக்கை அவர் குழு ஆராய்ந்து, ஆயுள் கூடும் வேகம் குறைந்துகொண்டே வருகிறது என்று 2024இல் காட்டியது. எலிக்கு வேலை செய்த மருந்துகள் மனிதனுக்குத் தோற்றுப்போன வரலாறும் நீளமானது.

கவனிக்கப்படாத ஆண்டுகள்

ஆபத்து உடம்பை மட்டும் வகுப்பதில்லை. துணிச்சலையும் அதுதான் வகுக்கிறது போலிருக்கிறது. 77 நாடுகளின் கருத்துக்கணிப்புத் தரவுகளை வைத்து 2016இல் வெளியான ஆய்வின்படி, பெரும்பாலான நாடுகளில் வயது ஏற ஏற மக்கள் அபாயத்தைத் தவிர்க்கத் தொடங்குகிறார்கள். ஆனால் வறுமையும் வன்முறையும் மலிந்த நாடுகளில் அந்தச் சரிவு குறைவு. அங்கே கிழவர்களும் துணிய வேண்டியிருக்கிறது.

நண்பர்களுக்கும் புத்தகத்துக்கும் இந்தக் கணக்கில் இடமுண்டா? 148 ஆய்வுகளில் பங்கேற்ற 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டட் குழு 2010இல் தொகுத்தது. சராசரியாக ஏழரை ஆண்டுக் கண்காணிப்பில், நெருக்கமான உறவுகள் கொண்டவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் கூடுதல். யேல் பல்கலைக்கழக ஆய்வொன்று ஐம்பதைத் தாண்டிய 3,635 அமெரிக்கர்களை 12 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. புத்தகம் படிப்பவர்களின் மரண ஆபத்து படிக்காதவர்களைவிட 20 சதவீதம் குறைவு. படிப்பு, சொத்து, உடல்நிலை ஆகியவற்றைக் கணக்கில் கழித்த பிறகும். கோம்பர்ட்ஸ் விதியில் போட்டால் 20 சதவீதம் என்பது ஏறக்குறைய இரண்டரை வயது இளமை. திடமாக இருப்பவர்களே அதிகம் படிக்கிறார்கள், நண்பர்களைத் தேடிப்போகிறார்கள் என்ற சாத்தியத்தை இப்படிப்பட்ட ஆய்வுகளால் முழுக்க விலக்க முடியாது. ஆகவே ஆயுளுக்காகப் புத்தகம் வாங்க வேண்டாம்.

ஆனால் மெடாவரின் கணக்கில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பிள்ளை பெற்று வளர்த்த பிறகு வரும் ஆண்டுகளை இயற்கைத் தேர்வு ஏறெடுத்துப் பார்ப்பதே இல்லை என்றால், அந்த ஆண்டுகள் இப்படித்தான் கழிய வேண்டும் என்று அது விதித்ததும் இல்லை. மூப்பைத் திணித்த விதி எதுவும் கிடையாது. பழுது பார்க்க ஆளில்லாமல் போனதுதான் நடந்தது. புலியும் பெரியம்மையும் பஞ்சமும் நம்மில் பலரைச் சிறுவயதிலேயே அடித்துக்கொண்டு போன காலத்தில் வகுக்கப்பட்ட உடம்பு இது. கடந்த இருநூறு ஆண்டுகளில் தடுப்பூசியும் சுத்தமான குடிநீரும் அந்த ஆபத்துகளில் பலவற்றை விரட்டிவிட்டன. உடம்புக்கு அந்தச் செய்தி போய்ச் சேர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அதுவரை இயற்கை கவனிக்காமல் விட்ட ஆண்டுகளை மருத்துவம், நண்பர்கள், படிப்பு என்று நாமேதான் கவனித்துக்கொள்ள வேண்டும். பழுது பார்க்கும் வேலையை நாற்பதில் தொடங்கினால் எத்தனை ஆண்டு மிச்சமாகும், அறுபதில் தொடங்கினால் எத்தனை என்பதைப் பிரிட்டிஷ் டாக்டர்களின் கணக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டது. எந்த வயதிலும் விடை பூஜ்யமாக இல்லை.